ஏரிக்காட்டுக்கு நடந்து வந்த பூனை

மல்லசமுத்திரத்திலிருந்து ராசிபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்த அன்று, கூண்டு வண்டியில் என் மடியில் ஒரு பூனைக்குட்டி இருந்தது. சாம்பல் நிறம். வால் நுனி மட்டும் சுண்ணாம்பில் தோய்த்த மாதிரி வெள்ளை. வாசலில் ஆரத்தி சுற்றிய பெண் அதைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டாள். உள்ளே நின்றிருந்த மாமியார் எட்டிப் பார்த்தார்.

"சீரு கொண்டாருவாள்னு பாத்தா சீறுற பூனையக் கொண்டாந்திருக்கறா," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புதுப்பெண் பல்லைக் காட்டக் கூடாதென்று அம்மா சொல்லி அனுப்பியிருந்ததால் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன்.

"இதெல்லாம் இங்க நிக்காது புள்ள," என்றார் மாமியார். "நாய் மனுசனுக்குச் சொந்தம், பூனை ஊட்டுக்குச் சொந்தம். நாளைக்கே உங்கூருக்கு ஓடிரும் பாரு."

அது ஓடவில்லை. நெசவுக்காரர் வீட்டில் அதற்கு என்ன குறை? தறியில் ஏற்றப்போகிற நெடுக்கு நூலுக்கு, அதுதான் பாவு, கஞ்சி போடுவோம். அந்தச் சோற்று வாசனைக்கு எலிகள் ஊரைக் கூட்டிக்கொண்டு வரும். காலையில் தெருவை அடைத்துப் பாவை நீட்டிக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் நின்று கஞ்சியைத் தடவி நீவுவோம். வண்டிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே அடுத்த தெருவைச் சுற்றிப் போவார்கள். அதிலும் ஒரு உப்பு வண்டிக்காரர் இருந்தார். அவர் வைவதைக் கேட்பதற்காகவே சிலர் பாவை மெதுவாக நீவுவார்கள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். சரி, பூனைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறிகள்; நெய்கிறவர் தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். ஒன்றில் என் வீட்டுக்காரர் நெய்வார். மாமனார் காலமான பிறகு அவருடைய தறியில் மாமியார் உட்கார்ந்தார். பூனை அந்தக் குழிக்குள், மாமியாரின் காலடியில், மிதிகட்டை உரசாத அளவுக்கு ஒதுங்கிப் படுத்திருக்கும். எலி பிடித்தால் தின்னாது. முதலில் அதைக் கொண்டுவந்து குழியின் விளிம்பில் மாமியாருக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

"வந்துட்டாயா சாமி, வேலை காட்டறதுக்கு," என்று அவர் தறியை நிறுத்துவார். கொட்டாங்குச்சியில் கொஞ்சம் மோர் ஊற்றுவார். அதைக் குடித்த பிறகுதான் எலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போகும். பூனையைக் கொண்டுவந்தவள் நான், அது மோர் வாங்கியது அவரிடம். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

அப்புறம் எங்கள் தெருவில் எலி விழுந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. எலி தானாகக் கூரையிலிருந்து செத்து விழுந்தால் பிளேக் வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்தது மனிதர்களுக்கு அக்குளில் கட்டி வரும், காய்ச்சல் வரும், அவ்வளவுதான். அதனால் எலி விழுந்த அன்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே காட்டுக்குப் போய்விடுவோம். சுகாதாரத்து ஆட்கள் வந்து ஓட்டைப் பிரித்து வீட்டுக்குள் வெயில் விழச் செய்வார்கள். அவர்கள் சொன்ன பிறகுதான் திரும்பி வர வேண்டும்.

சட்டி பானையை வண்டியில் ஏற்றும்போது நான் பூனையை ஒரு கூடைக்குள் வைத்து மேலே துணி கட்டியிருந்தேன். மாமியார் அந்தத் துணியை அவிழ்த்தார்.

"எடுத்துட்டுப் போனாலும் திரும்பி ஓடியாந்துரும் புள்ள. அது ஊட்டுக்குச் சொந்தம். ஊட்டக் காக்கறதுக்கும் ஒரு சீவன் வேணுமல்ல?"

அவர் பொல்லாத்தனமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் என்று நம்பினார். பூனையைத் தூக்கிக் கீழே விட்டார். அது மதில்மேல் ஏறி உட்கார்ந்து, வண்டி தெருமுனை திரும்பும் வரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஏரிக்கு இந்தப் பக்கத்து மேட்டுக்காட்டில் எங்கள் தெருவே சோளத்தட்டைக் குடிசை போட்டுக்கொண்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பூனைக்கு என்ன புள்ள, எலிக்கா பஞ்சம்?" என்றார் வீட்டுக்காரர், என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு.

"அந்த எலியத் தின்னா அது பொழைக்குமாங்க?" என்றேன்.

அவர் எழுந்து விறகு பொறுக்கப் போய்விட்டார். ஊருக்குள் போய்ப் பார்க்கவும் விடமாட்டார்கள். ஊர் முகப்பில் ஆள் நிறுத்தியிருந்தார்கள். அதற்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றுதான் அப்போது என் கவலை. மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில் பூனைக்கு அழுதால் செருப்பால் அடிப்பார்கள் என்பதால் அடுப்புப் புகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

ஒரு காலை மாமியார் குடிசை வாசலில் ராட்டையோடு உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நான் கம்பு புடைத்துக்கொண்டிருந்தேன். சோளக்காட்டு வரப்பில் வெள்ளை வால் நுனி ஒன்று நிமிர்ந்து வந்தது. உடம்பு பாதியாக இளைத்திருந்தது. வாயில் ஒரு எலி. நேராக மாமியாரிடம் போய், ராட்டைக்கு முன்னால் எலியை வைத்துவிட்டு, எப்போதும் போல உட்கார்ந்துகொண்டது.

மாமியாரின் கை தானாக மோர்ச்சட்டிப் பக்கம் போனதை நான் பார்த்தேன்.

அதற்குள் பக்கத்துக் குடிசைக்காரி வெளியே வந்தாள். அவள் கண்ணுக்குச் செத்த எலி மட்டும்தான் பட்டது.

"அய்யோ, இங்கயும் எலி விழுந்துருச்சுங்கோ," என்று காடே கேட்கக் கத்தினாள்.

அவ்வளவுதான். குடிசைகள் பிரிய ஆரம்பித்தன. வெந்துகொண்டிருந்த சோற்றைப் பானையோடு இறக்கினார்கள். ஒரு கிழவர் வேட்டி கட்டவும் மறந்து கோவணத்தோடு தன் சோளத்தட்டைக் கூரையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

"எலி விழுகலைங்க, பூனை கொண்டாந்துச்சுங்க," என்றார் மாமியார்.

சொல்லாமலே இருந்திருக்கலாம். "ஊருக்குள்ள இருந்து சீக்கைத் தூக்கியாந்திருக்குது," என்று ஆண்கள் கழி எடுத்தார்கள். பூனை நகரவில்லை. மோருக்காகக் காத்திருந்தது. மாமியார் அடுப்பிலிருந்து ஒரு விறகை உருவி அதன்மேல் வீசினார். இடுப்பில் பட்டது. கத்தவில்லை. ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பின்காலை இழுத்துக்கொண்டு சோளத்துக்குள் போய்விட்டது.

அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு பூனையின் நல்லெண்ணத்தால் எங்கள் தெரு முழுவதும் ஏரிக்கு அந்தப் பக்கம் குடியேறியது. மாமியார் சாப்பிடவில்லை. "அவிங்க கையில மாட்டறதுக்கு முந்தி ஓடிப் போகட்டும்னுதான் வீசுனேன்," என்று என்னிடம் சொன்னார். சிறிது நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார்.

இரண்டு மூன்று நாள் கழித்து, தண்ணீர் எடுக்கும் சாக்கில் பழைய இடத்துக்குப் போனேன். குடிசை இருந்த இடத்தில் மூன்று அடுப்புக் கற்கள் மட்டும் இருந்தன. அவற்றுக்கு நடுவே, ஆறிப்போன சாம்பலில், சுருண்டு படுத்திருந்தது. சாம்பலுக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லை. வாலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். தொட்டுப் பார்த்தேன். விறைத்திருந்தது. சீக்கில் போனதா, அடிபட்டதில் போனதா என்று இன்றுவரை தெரியாது.

எனக்குத் தெரியாமல் மாமியாரும் பின்னால் வந்திருக்கிறார்.

"ஊட்டுக்குப் போகாம இங்க வந்து எதுக்குப் படுத்திருக்குது?" என்று கேட்டார்.

நான் அதன்மேல் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டேன்.

"ஊட்டுக்குத்தான சொந்தம்னேன்," என்றார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

செத்த எலி, பூனையைப் புதைக்கக் கூடாது, எரிக்க வேண்டும் என்பது சுகாதாரத்து ஆட்களின் கட்டளை. மாமியார் தம் சேலைத் தலைப்பைக் கிழித்து அதைச் சுற்றினார். சோளத்தட்டையை அடுக்கித் தீ வைத்தோம். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

ஊர் திரும்பினோம். மனிதர்கள் விட்டுப்போன பூனைகள் பிரித்த கூரைகளில் எலும்பும் தோலுமாகத் திரிந்தன. பூனையைக் கொன்ற பாவத்துக்குப் பொன்னில் பூனை செய்து தானம் கொடுக்க வேண்டும் என்று சொல்வார்கள். மாமியார் மாரியம்மன் கோயில் பூசாரியிடம் போய் நின்றார். நானும் கூட இருந்தேன்.

"பொன்னுக்கு நான் எங்க போவேன் சாமி? உசுரோட திரியறதுக்குச் சோறு போட்டா ஆவாதுங்களா?"

"அது பொன்னை விடச் செலவாச்சே ஆயா," என்றார் பூசாரி. "பொன் பூனை தெனம் மோர் கேக்காதே."

மாமியார் சிரிக்கவில்லை. அன்றே காது அறுந்த ஒரு பெட்டைப் பூனையை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தன. சோறு வைத்ததெல்லாம் நான்தான். தொட்டுத் தூக்க மட்டும் வெகுநாள் மனம் வரவில்லை. ஒன்று வந்து காலில் உரசினால் காலை இழுத்துக்கொள்வேன்.

கொஞ்சம் தேறியதும் தறி வீடுகளுக்குக் கொடுப்போம். எங்கும் எலித் தொல்லை என்பதால் கேட்டு வருவார்கள். மாமியார் சும்மா கொடுக்கமாட்டார். வந்தவர்களைத் தம் தறிக்குக் கூட்டிப்போவார்.

"ஊடு மாத்திட்டுப் போனா இதையும் கூட்டிட்டுப் போகோணும். தறி மேல கை வெச்சுச் சொல்லு."

தறி எங்களுக்குச் சாமி. அதன்மேல் கை வைத்துப் பொய் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. "பூனைக்குப் போயா சத்தியம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே கை வைப்பார்கள். அன்று காட்டில் எலி விழுந்ததென்று கத்தியவளும் கை வைத்துத்தான் ஒரு கறுப்புக் குட்டியை வாங்கிப் போனாள்.

பிறகு உலகச் சண்டைக் காலம் வந்தது. நூல் கிடைக்கவில்லை. தறிகள் நின்றன. ஒவ்வொரு குடும்பமாகத் தெருவை விட்டுப் போனது. கறுப்புக் குட்டி வாங்கிப் போனவளும் குமாரபாளையத்தில் தம்பி வீட்டுக்குப் போக வண்டி கட்டினாள். எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கறுப்புப் பூனையை மட்டும் காணோம். வண்டிக்காரன் மாட்டை அதட்டினான். அவள் புருசன் அவளை அதட்டினான்.

"ஏறு புள்ள, ஒரு பூனைக்காவ நிப்பாங்களா?"

"தறி மேல கை வெச்சிருக்கறேன். அது ஏறாம வண்டி நகராதுங்க," என்று அவள் கொல்லைக்கும் கூரைக்கும் அலைந்தாள். கடைசியில் அடுக்களைப் பரணிலிருந்து பிடித்து வந்து கூடையில் வைத்து, மேலே துணியை இறுக்கிக் கட்டினாள்.

மாமியாருக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏறிருச்சா புள்ள?"

"ஏறிருச்சுங்க அத்தை."

"துணி கட்டியிருக்குதா?"

"கட்டியிருக்குதுங்க."

அவர் உள்ளே போய்விட்டார். கூடைக்குள் அது கத்துவது தெருமுனை வரை கேட்டது. அவள் வீட்டு மதில்மேல் எதுவும் உட்கார்ந்திருக்கவில்லை. காது அறுந்த கிழட்டுப் பூனை வந்து என் காலில் உரசியது. குனிந்து அதைத் தூக்கிக்கொண்டேன்.