டெய்லர் அக்காவுக்கு ஒதுக்கிய இரண்டு நிமிடம்

டெய்லர் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவே சொல்லும். வராமல் என்ன செய்யும்?

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட அக்காவின் நாத்தனார், வீட்டுக் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டாள். அவளுக்காக அக்கா ஒரு பக்கம் பஞ்சுப் பை வைத்து உள்ளாடை தைத்தாள். துணி கண்ணாடியை விட்டு இறங்கியது. பதினோரு வருடமாக அதுவே அக்காவின் தொழில். தைத்ததைப் படமெடுத்து, ஒரு சமூக வலைத்தளத்தில் தன் பக்கத்தில் போடுவாள். வாய்விட்டுக் கேட்கக் கூசும் பெண்கள் அதைப் பார்த்துத்தான் வந்து சேர்ந்தார்கள்.

ஒருநாள் பக்கத்தையே காணோம். ஆபாசமாம்! படங்களைச் சலிக்கும் அந்தத் தளத்தின் இயந்திரம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. முறையீட்டுப் படிவத்தை நிரப்பி அனுப்பினாள். கிணற்றில் போட்ட கல். எத்தனை பேர் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்களோ என்று அவள் பொருமிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணி, இணையத்துக்கு அரசாங்கத்துல புது விதி போடறாங்களாம். ஜனங்க கருத்தைக் கேக்கறாங்க. வாங்க, போவோம்" என்றாள் நாத்தனார்.

போனார்கள். மேஜையைச் சுற்றி அதிகாரிகளும் வக்கீல்களும் அக்காவின் பக்கத்தை நீக்கிய தளத்தை நடத்தும் நிறுவனத்தின் ஆளும் உட்கார்ந்திருந்தார்கள். ஜனங்களுக்குக் கடைசி வரிசை, ஆளுக்கு இரண்டு நிமிடம். கூட்டம் அதே தளத்தில் நேரலையாக ஓடியது. சுவரிலும் பெரிய திரையில் தெரிந்தது.

நிறுவனத்துக்காரர் முக்கால் மணி நேரம் பேசினார். "எங்க பயனர்கள் எல்லாரும் திருப்தியா இருக்காங்க" என்று முடித்தார்.

அக்கா எழுந்துவிட்டாள். "யாரு சொன்னா? நான் சொல்லலையே! என் வாயை உங்களுக்கு யாரு வாடகைக்கு விட்டது?"

விறுவிறுவென்று முன்னால் போய், பையிலிருந்த உள்ளாடையை எடுத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். "இதுல என்னங்க ஆபாசம்? இதைப் போட்டுக்கறவ அதோ உக்காந்திருக்கா. அவ முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

நாத்தனார் தலை குனியவில்லை. மேஜைக்காரர்கள்தான் குனிந்துகொண்டார்கள்.

திடீரென்று சுவர்த் திரை கறுத்தது. 'விதிமீறல் காரணமாக இந்த ஒளிபரப்பு நீக்கப்பட்டது' என்று ஒற்றை வரி வந்தது.

கூட்டத்தின் தலைவர் பதறிப்போனார். "என்னய்யா இது? உடனே யாரையாவது கூப்பிடுங்க!"

நிறுவனத்துக்காரருக்கு வியர்த்தது. "கூப்பிட ஆள் கிடையாது சார். இயந்திரம் தானா செய்யறது. முறையீட்டுப் படிவம் அனுப்பணும்."

அக்கா உள்ளாடையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அனுப்புங்க. நான் அனுப்பி இன்னிக்கு நாப்பத்தி மூணு நாளாச்சு. எனக்குப் பின்னாடி வந்து நில்லுங்க."