கழற்றி வைத்த வைப்பர்

இதைச் சொல்லத் தொடங்கியதுமே உங்கள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. பேய், பிசாசு, அசரீரி எல்லாம் அரைகுறையாகக் கவனித்தவர்களின் கற்பனை என்று மேடையேறி வாதிட்டு, அதற்காகவே சிறந்த பேச்சாளர் கேடயத்தைக் கையில் வாங்கியவள் நான். அன்று பேசியதில் ஒரு வரியைக்கூட இன்றுவரை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் சென்ற ஆண்டு மழைக்காலத்தில், ஒரு புதன்கிழமை மாலை, வெளிச்சம் இருக்கும்போதே நடந்த ஒன்றை ஒட்டிப் பேசும் அணியில் வைப்பதா வெட்டிப் பேசும் அணியில் வைப்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவது உங்கள் விருப்பம்.

அம்மாவின் சிறுநீரகங்கள் செயலிழந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் நாங்கள் இருவர்தாம். எங்கள் ஊரான கிள்ளானில் இடம் கிடைக்காததால், வாரம் மூன்று நாள் அவரைப் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்கு அழைத்துப் போய், நான்கு மணி நேரம் காத்திருந்து, மீண்டும் அழைத்து வருவேன். பேச்சுப் போட்டிகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அதைத் தியாகம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன், அசதிதான் காரணம். கால் குடைச்சலும் தோல் அரிப்பும் அம்மாவை இரவு முழுவதும் உறங்க விடுவதில்லை. வாரத்தில் அவர் நிம்மதியாக உறங்குவது அந்தத் திரும்பும் பயணங்களில் மட்டும்தான், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் எங்கள் காரின் வைப்பர் பறித்துக்கொண்டிருந்தது.

மழைக்காலத்தில் நான்கு மணியானால், நாங்கள் வீடு திரும்பும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மழை கொட்டத் தொடங்கிவிடும். வைப்பரைப் போட்டதும் வலப்பக்கத்தது ஒழுங்காகத் துடைக்கும். இடப்பக்கத்ததோ மேலே போகும்போது சும்மா இருந்துவிட்டு, கீழே இறங்கும்போது கழுத்தைப் பிடித்தது போல் ஒரு கீச்சலிடும். ஒவ்வொரு கீச்சலுக்கும் அம்மா உடல் அதிர்ந்து விழிப்பார். "என்ன பாப்பா?" என்பார். "ஒண்ணுமில்லம்மா, வைப்பர்தான், தூங்குங்க," என்பேன். அடுத்த கீச்சலுக்குள் என்ன தூங்குவது? நானும் இரண்டு முறை ரப்பரை மாற்றினேன், செய்தித்தாளை நனைத்துக் கண்ணாடியைத் தேய்த்தேன், இணையத்தில் யார் யாரோ சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். இரண்டு நாள் அடங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை போனால் மறுபடி கத்தும்.

அந்தப் புதன்கிழமை அம்மாவை உள்ளே விட்டதும், இன்று இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்று நிலையத்தின் பின்சந்தில் இருக்கும் குணா அண்ணனின் கார் உதிரிப்பாகக் கடைக்கு வண்டியை விட்டேன். பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடும் அவர் முன்கண்ணாடியின் இடப்பக்கத்தில் ஒரு விரலை இழுத்து, அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"தங்கச்சி, நல்லெண்ணெய் வாசம் அடிக்குது லா. கார்ல சாமி கும்பிடுறீங்களா, இல்ல தாளிக்கிறீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா பூசையறை விளக்கைத் துடைத்துவிட்டு, அதே துணியோடு வெளியே வந்து, தான் உட்காரும் பக்கத்துக் கண்ணாடியில் விபூதிப்பட்டை போடுவார். போன வாரத்துப் பட்டையை அந்த விளக்குத் துணியாலேயே அழிப்பார். எனக்குத் தெரியாமல் செய்ததல்ல; வாரந்தோறும் பார்ப்பதைக் கவனிக்காமல் இருந்தது என் தவறு.

"எண்ணெய் மேல ரப்பர் வழுக்கும், காஞ்ச எடத்துல புடிச்சிக்கும். கத்தாம என்ன செய்யும்?" என்றார் அண்ணன். "வைப்பர் கையும் முறுக்கிட்டு நிக்குது பாருங்க. கழட்டி நேராக்கித் தரேன். இந்தப் பக்கத்து சைஸ் ரப்பர் நாளைக்குத்தான் வரும், வெள்ளிக்கெழம வந்து மாட்டிக்குங்க."

"அதுக்குள்ள மழை வந்தா?"

"நீங்க ஓட்டுறது வலது பக்கம். அந்தப் பக்கம் அம்மா தூங்கத்தானே போறாங்க, தூங்குற ஆளுக்கு எதுக்கு லா கண்ணாடி?"

திருகாணியை அவிழ்த்து, இடப்பக்க வைப்பரை அதன் கையோடு சேர்த்து உருவி எடுத்து, சுவரில் ஓர் ஆணியில் மாட்டினார். காரில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெறும் தண்டு மட்டும் நின்றது. வலப்பக்கத்துக்குப் புது ரப்பர் போட்டு, கண்ணாடி முழுவதையும் எண்ணெய் போகக் கழுவி, தண்ணீர் தெளித்து ஓட்டிக் காட்டினார். ஒரு சிறு சத்தம்கூட இல்லை. இதை நான் என் காதால் கேட்டேன், அதாவது கேட்கவில்லை. இந்த இடத்தை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா வெளியே வந்தபோது மணி நான்கு. ஊசி குத்திய இடக்கையில் கட்டு இருந்தது. குளிருக்காக எப்போதும் போல் சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்தவர், பிரிக்பீல்ட்ஸைத் தாண்டுவதற்குள் உறங்கிவிட்டார். சிறிது நேரத்தில் மழை பிடித்தது. வலப்பக்க வைப்பர் ஓசையின்றி ஓடியது. எனக்குத் தாங்காத நிறைவு. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் பேச வேண்டியதை மனத்துக்குள் அடுக்கத் தொடங்கினேன்: 'பாதுகாப்புக்காக நீங்கள் பூசிய திருநீறே உங்கள் உறக்கத்தைத் திருடியது, நம்பிக்கை என்பது கண்ணாடியில் படியும் எண்ணெய், அது பார்வையையே மறைக்கிறது.' எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்பது உட்பட எல்லாம் தயார்.

அப்போது கத்தியது.

இடப்பக்கம். அதே குரல், அதே இறக்கம். முதலில் எனக்கு வந்தது பயமல்ல, எரிச்சல். குணா அண்ணன் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். மறுபடி கத்தியது, மறுபடியும், ஒவ்வொரு வீச்சுக்கும் ஒன்று. அம்மா விழித்துவிட்டிருப்பார் என்று, "வைப்பர்தாம்மா, தூங்குங்க," என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

அவருக்கு முன்னால் இருந்த கண்ணாடியில் மழை திரையாக வழிந்துகொண்டிருந்தது. துடைக்க அங்கே எதுவும் இல்லை. அந்த வெறும் தண்டு மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தது. சத்தம் நிற்கவில்லை. ஆனால் என்னை உலுக்கியது அது அல்ல. பஞ்சு விழுந்தாலும் விழிக்கும் அம்மா, இத்தனை கத்தலுக்கும் அசையவில்லை.

சால்வையைத் தொட்டேன். ஈரமாக, சூடாக இருந்தது.

மழைக்கு மோட்டார் சைக்கிள்கள் ஒதுங்கி நிற்கும் ஒரு மேம்பாலத்தின் அடியில் எப்படி நிறுத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. கட்டு நழுவி, ஊசித் துளையிலிருந்து இரத்தம் கதவோரமாக இறங்கி அம்மாவின் செருப்புவரை போயிருந்தது. நான் போட்ட கூச்சலில், மழைச்சட்டை போட்ட ஒரு மலாய்க்காரர் ஓடி வந்து, "தெக்கான், டிக், தெக்கான்!" என்று மலாயில், 'அழுத்து தங்கச்சி' எனச் சொல்லித் தன் கட்டைவிரலையே துளையின் மேல் வைத்து அழுத்தினார். அம்புலன்ஸ் வரும்வரை அவர் கையை எடுக்கவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர், "அமைதியாக உறங்குவது போலத்தான் இருந்திருப்பார், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார். "சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை," என்றேன். என்ன சத்தம் என்று அவர் கேட்கவில்லை.

மறுப்புரையை நானே தயாரித்துப் பார்த்தேன். மறுநாள் வாசலில் ஒரு மணி நேரம் குழாயால் தண்ணீர் பீய்ச்சி வைப்பரை ஓட்டினேன், மௌனம். பக்கத்து வண்டியின் பிரேக் என்றால், என் வைப்பரின் ஒவ்வொரு வீச்சுக்கும் சரியாகவா கத்தும்? தண்டு உரசியிருக்கலாமா என்று குணா அண்ணனிடம் கேட்டதற்கு, "வெறும் தண்டு தங்கச்சி, எதுல ஒரசும்?" என்றவர், கொஞ்சம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய்த் தூங்குங்க லா," என்றார். களைப்பில் எனக்கு மட்டும் கேட்ட பிரமை என்று முடித்திருப்பேன். வார்டில் கண் விழித்ததும் அம்மா சொன்ன முதல் வாக்கியம்தான் தடுக்கிறது.

"வைப்பரு கத்துனுச்சே பாப்பா. நல்லாக் கேட்டுச்சு. கண்ணத்தான் தொறக்க முடியல."

அது அன்று காரிலேயே இல்லை என்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

நேராக்கிய வைப்பரைப் பிறகு மாட்டிக்கொண்டேன். நான் அடுக்கி வைத்த அந்தப் பேச்சைப் பேசவேயில்லை. அம்மா இன்றும் வெள்ளிக்கிழமைதோறும் அதே விளக்குத் துணியால்தான் கண்ணாடியைத் துடைக்கிறார், நானும் தடுப்பதில்லை. குணா அண்ணன் சொன்னபடி பார்த்தால் ஒரு வாரத்திலேயே அது கத்தத் தொடங்கியிருக்க வேண்டும். எண்ணெய் அப்படியே படிந்திருக்கிறது. விரலை வைத்தால் வழுக்குகிறது. இந்த ஓராண்டில் அது ஒருமுறைகூடக் கத்தவில்லை.

மழை பிடித்தால் நான் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கி, அம்மாவின் சால்வையை விலக்கிப் பார்த்துவிட்டே வண்டியை எடுக்கிறேன். அவர் நன்றாக உறங்குகிறார். நான்தான் அந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டே வீடுவரை ஓட்டுகிறேன்.