தாதியின் சம்பளம்

அன்று மத்தியானம் தேவாலய மண்டபத்தில் அம்மா இருந்தார், நான் இருந்தேன், கோட்டும் பட்டுச்சேலையுமாக எங்களுக்குத் தெரியாத பலர் இருந்தார்கள். அப்பா இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரால் ரெஸ்ரோறன்ற் குசினியை விட்டு அசைய முடியாது.

நகரின் மறுகோடியில், வெக்ஸ்போர்ட்டில் எங்களைப் பார்த்துவந்த தமிழ் டொக்டர் தன் கிளினிக்கை மூடிவிட்டு, நாங்கள் விட்டுவந்த ஊரில் மருத்துவ நிலையங்கள் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் தலைவராகியிருந்தார். அதற்குத்தான் விருந்து. இங்கே தெருவுக்குத் தெரு டொக்டர்மார், அங்கே சுற்றுவட்டாரத்திலேயே ஆளில்லை என்று மேடையில் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மாவும் ஆட்டினார். ஆனால் நாங்கள் இருந்த சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து சப்வேயும் பஸ்ஸுமாக அவரிடம் போய்வந்தவருக்கு ஒரே கவலை, இனித் தன்னை யார் பார்ப்பது என்பதுதான். அதை அவரிடமே கேட்க வந்திருந்தார். கோட்டுக்காரர்களைத் தாண்டி அவரை நெருங்க முடியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அறிவிப்பாளர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். மற்ற மேசைகளில் கைகள் உயர்ந்தன. கேள்வி நேரமாக்கும் என்று அம்மாவும் கையை உயர்த்தினார். அறிவிப்பாளர் கேட்டதோ, ஊரில் ஒரு தாதியின் சம்பளத்தை யார் யார் பொறுப்பேற்கிறீர்கள் என்று.

கைதட்டல் எழுந்தது. டொக்டர் இறங்கி எங்கள் மேசைக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, நீங்களுமோ? உங்கடை கஷ்டம் எனக்குத் தெரியாததே."

அவருடைய கண் கலங்கியிருந்தது. அம்மா வாயைத் திறந்தார். பிறகு, "ஓம் டொக்டர்" என்றார். கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

இரவு வேலையால் வந்த அப்பா கதையைக் கேட்டுவிட்டு, "என்ரை சம்பளத்துக்கும் ஆரும் கை தூக்குவினமோ எண்டு கேட்டிருக்கலாமே" என்றார்.

"அந்த மனுசன் அழுதிட்டார். பிறகெப்பிடி இல்லையெண்டிறது?"

புதிய டொக்டருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒன்பது வயதில் மொழிபெயர்ப்பாளனானேன். பழைய டொக்டர் அம்மாவைத் தனியாக விசாரிக்கக் கொஞ்ச நேரத்தில் என்னை வெளியே அனுப்பிவிடுவார். இங்கே இருவருக்கும் நடுவில் எனக்கு ஒரு கதிரை. நான் இல்லாமல் அலுவல் நடக்காது என்று பெருமையாக இருந்தது.

உடம்புக்கு வேறு ஏதும் வருத்தம் உண்டா என்று புதியவர் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தார்.

"ஒண்டுமில்லையெண்டு சொல்லு, தம்பி."

சொன்னேன். ஒரு தாய் தன் மகனின் வாயால் சொல்லுவிக்க முடியாத வருத்தங்கள் உண்டென்பது எனக்கு அப்போது தெரியாது. அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று சந்தோஷப்பட்டேன். அப்பா தாதிக்கான பணத்தைத் தவணை தவணையாகக் கட்டி முடித்தார். அந்த விருந்தால் எங்களுக்கு வந்த செலவு மொத்தம் அறுநூறு டொலர் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.