இரண்டு பக்கமும் ஒரே அம்பு

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நடைபாதையில் நின்று எதிர்ச்சாரியைக் கண் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் அந்த அம்மா. எதிரே மூடிய ஷட்டரில், நான்கு தாள்களைச் சேர்த்து ஒட்டிய ஒரு பெரிய பல் சிரிக்கிறது. பக்கத்தில் பல் டாக்டர், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவரைப் போல நகம் கடித்துக்கொண்டு நிற்கிறார்.

“கம்ப்யூட்டர்ல எல்லாமே அழகாத்தான் இருக்கும் டாக்டர். தெருவுல நின்னு, கண்ணாடி இல்லாம, எனக்குத் தெரியணும். அப்பதான் ஒத்துக்குவேன்.”

“தெரியுதா?”

“பல் தெரியுது. சிரிப்பு வேணாம். பல்லுக்கே பல் வெச்சா பிள்ளைங்க பயந்துடும்.”

சிரிப்பு போயிற்று. டாக்டருக்கு உள்ளூர ஒரு வருத்தம்தான். ஆனால் அந்த அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர் அந்த வட்டாரத்தில் யாரும் இல்லை.

வாடிக்கையாளர்களுக்கு அவர் ‘டிசைன் மேடம்’. வீட்டில், லிஃப்ட் மெக்கானிக்கான கணவருக்கு ‘முதலாளியம்மா’. பதினோரு வருடம் ஒரு விளம்பரக் கம்பெனியில் சோப்பு உறைக்கு நுரை வரைந்தவர், ஒரு நாள் போதும் என்று எழுந்து வந்துவிட்டார். சாப்பாட்டு மேசையின் ஜன்னல் பக்கத்துப் பாதிதான் இப்போது ஆபீஸ். நடுவில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறது. தட்டு, டம்ளர் எதுவும் அதைத் தாண்டக் கூடாது. ஒரு முறை கணவரின் காபி டம்ளர் எல்லை தாண்டி நான்கு சொட்டுச் சிந்திவிட்டது. அன்று முழுக்க அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

நடந்து போய்ப் பார்க்க முடியாத வேலையை அவர் எடுப்பதில்லை. சலவைக் கடை, சலூன், பூட்டு ரிப்பேர், டிரைவிங் ஸ்கூல், எல்லாம் பத்து நிமிட நடைக்குள். வருகிறவர்கள் அத்தனை பேரும் கேட்பது ஒன்றுதான்: நச்சுன்னு இருக்கணும். “நச்சுன்னா என்ன கலர்?” என்பார். பதில் வராது. சலூன்காரர் வாசலில் பிடரி சிலிர்த்த சிங்கம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். “சிங்கத்தைப் பாத்தா, நீங்க முடி வெட்டுறவரா வளக்கிறவரான்னு சந்தேகம் வரும்ணே,” என்றார் மேடம். சலூன்காரர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். இப்போது அங்கே ஒரு சீப்பு மட்டும் இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது.

தலைக்கனம் என்று சிலர் சொல்வதுண்டு. கொஞ்சம் உண்டுதான். தலைக்குள் சரக்கு இருந்தால் கனக்கத்தானே செய்யும்?

போன மாதம் அவர் செய்து கொடுத்த பலகை, ஆல்டரேஷன் அக்காவுடையது. அந்த அக்கா ஆயத்த ஆடைக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, சந்துக்குள் ஓர் அறை பிடித்து, துணிகளைத் திருத்தித் தைக்கத் தொடங்கினார். தொளதொளப்பதைப் பிடித்துக் கொடுப்பார், இறுக்கமானதைத் தளர்த்துவார், ஜிப் மாற்றுவார். வேலை அப்பழுக்கில்லாதது, கடைதான் கண்ணில் படாதது. அதனால் சந்து முனையில், மெயின் ரோட்டின் இரு பக்கமிருந்தும் வருகிறவர்கள் பார்க்கும்படி, கம்பியில் தொங்கும் பலகை ஒன்று. ஒரு கத்தரிக்கோல், ‘ஆல்டரேஷன்’ என்று ஒரே ஒரு சொல், ஓர் அம்பு.

“இந்த அம்பு கையைப் பிடிச்சு ஆளைக் கூட்டிட்டு வரும்கா. எழுதி வெச்சுக்குங்க,” என்று சொல்லியிருந்தார். மாட்டிய அன்று வீட்டுப் பக்கத்திலிருந்து நடந்து வந்து, கண்ணாடியைக் கழற்றிப் பார்த்து, பளிச்சென்று தெரிகிறது என்று திருப்தியாகக் கிளம்பினார்.

பத்து நாள் கழித்து, மார்க்கெட்டில் வேலை முடிந்து அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால், கையில் மடித்த பேண்ட்டோடு போன ஒருவர் பலகையை அண்ணாந்து பார்த்தார். சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளையைப் போல வலப்புறம் திரும்பினார், ரோட்டைக் கடந்தார், எதிரே இருந்த பெரிய ரெடிமேட் கடைக்குள் போனார். காவலாளி தலையாட்டி வெளியே அனுப்பினார். அடுத்து, பையோடு ஒரு பெண். அவளும் அங்கேயே போனாள். இந்த முறை காவலாளி அவள் வாயைத் திறக்கும் முன்பே கையை விரித்துவிட்டார்.

மேடம் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கத்தரிக்கோல், சொல், அம்பு. அம்பு வலப்பக்கம் காட்டியது. வீட்டுப் பக்கமிருந்து வந்தால் சந்து வலப்பக்கம். மார்க்கெட் பக்கமிருந்து வந்தால் இடப்பக்கம். பலகையின் இரு முகத்துக்கும் ஒரே படத்தை அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்.

“கண்ணாடி இல்லாமப் பாத்தேனே, அந்தப் பக்கம் போய் நின்னு பாக்கலையே,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சந்துக்குள் போனார்.

அக்கா தையல் மெஷின் மேல் துணி போர்த்திக்கொண்டிருந்தார்.

“வாங்க மேடம். உங்களைத்தான் நெனச்சேன். கம்பெனில திரும்பக் கூப்பிடுறாங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். போயிடலாம்னு இருக்கேன். உங்களைச் சொல்லி என்ன, போர்டு அழகாத்தான் இருக்கு. என் ராசி அவ்வளவுதான்.”

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். பழி ராசியின் மேல் விழுந்திருக்கும். ராசி யாரிடமும் போய் முறையிடாது.

“ராசி இல்லக்கா. என் தப்பு. மார்க்கெட் பக்கமிருந்து வர்றவங்களை எல்லாம் என் அம்பு எதிர்க்கடைக்கு அனுப்பிட்டு இருக்கு.”

அக்கா வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “நானும் தினம் அதுக்குக் கீழதானே போறேன்.”

“நீங்க தைக்கிறவங்க. அம்பைப் பாக்குறது என் வேலை.”

“பத்து நாளா இந்த மெஷின் முன்னாடி உக்காந்து அழுதிருக்கேன் மேடம்.”

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் கம்பெனிக்கு எதுவும் சொல்லாதீங்கக்கா. ஒரு நாள் குடுங்க,” என்று மட்டும் கேட்டார் மேடம். அக்கா மெஷின் மேல் போர்த்திய துணியை எடுத்து மடித்தார்.

பலகை மாட்டுகிறவர் ஏணியோடு மறுநாள் மதியம் இரண்டு மணிக்குத்தான் வர முடியும் என்றார். மார்க்கெட் கூட்டமோ காலையில்தான். பலகை இருக்கும் உயரத்துக்கு மேடம் நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் பலகைக்கு நேர் கீழே, மார்க்கெட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். இடது தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போன். மறுமுனையில் டிரைவிங் ஸ்கூல்காரர். “முடியும் சார், தாராளமா முடியும். நச்சுன்னா என்ன கலர்னு முதல்ல சொல்லுங்க,” என்று பேச்சு கணீரென்று போய்க்கொண்டிருந்தது. அப்போது நேற்றைய மனிதர், அதே மடித்த பேண்ட்டோடு வந்தார். பலகையை அண்ணாந்து பார்த்தார். அம்பு சொன்னபடி மறுபடியும் ரோட்டைக் கடக்கத் திரும்பினார். மேடம் பேச்சை நிறுத்தவில்லை. வலது கையைச் சந்தின் பக்கமாக, தோள் உயரத்துக்கு, விறைப்பாக நீட்டினார். அந்த மனிதர் நின்று, பலகையைப் பார்த்து, கையைப் பார்த்து, கையை நம்பிச் சந்துக்குள் நுழைந்தார். உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும் வரை அந்தக் கை இறங்கவில்லை.