சஹாலாவுக்கு ஒரு மணி

பக்தியைப் பார்த்துத்தான் தியோலினாவை மூப்பராகத் தேர்ந்தெடுத்தோம் என்று லும்பான் பாசிர் சபையார் சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் ஓட்டு விழுந்தது அவள் குரலுக்கு. தோபா ஏரிக்கரைச் சந்தையில் இருபத்தைந்து வருஷம் வெங்காயம் கூவி விற்ற குரல் அது. கோயிலில் மின்சாரம் போனாலும் கடைசி பெஞ்சு வரை கேட்கும். வேதம் வாசிக்க அவள் எழுந்தாலே, தூங்குகிறவர்கள் முன்ஜாக்கிரதையாக விழித்துக்கொள்வார்கள்.

அவள் புருஷன் மெடானுக்கு லாரி ஓட்டப் போய், அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவள் அழுதாளா என்று யாருக்கும் தெரியாது. மறுவாரம் சந்தையில் வழக்கமான இடத்தில் கடை போட்டிருந்தாள் என்பதுதான் தெரியும். ஒரே மகன் ஹொத்தாசியை வெங்காயத்திலேயே வளர்த்து ஆளாக்கினாள். அவன் இப்போது பாத்தாமில் கப்பல் கட்டும் பட்டறையில் வேலை செய்கிறான்.

பதினான்கு வருஷமாக அவள் மூப்பர். சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போவாள். பிணத்தைக் குளிப்பாட்டுவாள், அழுகிறவர்களை அதட்டிச் சாப்பிட வைப்பாள், பங்காளிகள் சண்டை போட்டால் இரண்டு பக்கத்தையும் திட்டுவாள். அவளிடம் திட்டு வாங்காத குடும்பம் அந்தச் சபையில் இல்லை. அவள் போகாத சாவு வீடும் இல்லை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கதை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறோடு எங்கள் சபை ஆண்டு முடிகிறது. அந்த வருஷம் செத்தவர்களின் பெயர்களை அன்று பீடத்தில் நின்று வாசிப்பார்கள். ஒரு பெயருக்கு ஒரு மணி. மணி அடித்ததும் அந்த வீட்டார் எழுந்து நிற்பார்கள். ஊரே அவர்களைத் திரும்பிப் பார்க்கும். அதற்காகவே சுராபாயாவிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள்.

அந்த ஆராதனையை எப்படி நடத்துவது என்று பேசத்தான் வியாழக்கிழமை மத்தியானம் மூப்பர்கள் கூடினார்கள். ஏழு மூப்பர்கள், இளம் போதகர் எல்மான், ஒரு பானை இனிப்புக் காபி, ஒரு தட்டு அவித்த கடலை. தலைமை மூப்பர் மங்காத்தூர் ஒரு காகிதத்தோடு வந்திருந்தார். அவர் வட்டார அலுவலகத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காகிதம் இல்லாமல் கொல்லைக்குக்கூடப் போகமாட்டார் என்று தியோலினா சொல்வாள். இருவரும் ஒரே குலம் என்பதால் அவருக்கு அவள் இத்தோ, அவளுக்கு அவர் இத்தோ. எத்தனை சண்டை வந்தாலும் உடன்பிறப்பு முறை சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"தலைப்பு, ஆயத்தமா இருங்க" என்று மங்காத்தூர் ஆரம்பித்தார். "வேதத்துல மணவாளனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னிகைங்க கதைய நடிச்சுக் காட்டுறோம். பத்துப் பொண்ணுங்க கையில விளக்கு. பீடத்துக்கு முன்னால ஒட்டுப்பலகையில ஒரு கதவு. எண்ணெய் இல்லாத அஞ்சு பேரும் வெளிய நிக்கும்போது கதவ டமால்னு சாத்தணும். தூங்குறவன் துள்ளி விழணும். முடிவு வருதுன்னு பயம் வந்தாத்தான் ஆயத்தம் வரும்."

"கதவ யாரு சாத்துறது?" என்று கேட்டாள் தியோலினா.

"அதுக்கா ஆள் இல்ல? தச்சன் வீட்டுல யாரையாவது நிறுத்தலாம்."

"நான் அதக் கேக்கல, இத்தோ. கதையில கதவச் சாத்துறது மணவாளன். நம்ம சபையில நாம சாத்திட்டு அவரு பேரச் சொல்லிக்கிறோம்."

மங்காத்தூர் காது கேட்காதவர்போல அடுத்த பக்கத்துக்குப் போனார். இறந்தவர்களின் பட்டியல் அது. மொத்தம் பதினொரு பெயர். வாசிக்கிற பொறுப்பு, வருஷா வருஷம் போல, தியோலினாவுக்கு. அவள் காகிதத்தை வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தாள். வந்து நின்றாள்.

"பன்னெண்டாவது பேரு எங்க?"

கடலைத் தட்டிலிருந்து கைகள் விலகின.

பன்னிரண்டாவது பெயர் சஹாலா. அந்தக் கோயில் மணியை இருபத்திரண்டு வருஷம் அடித்தவர். மணி என்னவோ சின்னதுதான், ஆனால் கயிறு பொல்லாதது. இழுத்து விட்டால் மணி திரும்பி ஆடி இரண்டாம் முறையும் நாக்கில் மோதும். முதல் அடி விழுந்த கணத்தில் கயிற்றைத் தாவிப் பிடித்து நிறுத்த வேண்டும். அது சஹாலாவுக்குத்தான் வந்தது. லும்பான் பாசிரில் செத்தவர்கள் அத்தனை பேருக்கும் அவர் ஒற்றை மணி அடித்தார். சுத்தமான ஒற்றை மணி.

மார்ச் மாதம் அவர் மனைவி ருமியாவுக்கு வயிறு வீங்கிப் பேச்சு நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்கள். சஹாலா அவளை பெச்சா என்கிற மூன்று சக்கர வண்டியில் உட்காரவைத்து, சந்தை நாளன்று பட்டப்பகலில், ஊர் நடுவே மலைக்குக் கொண்டுபோனார். வழியில் மங்காத்தூர் நிறுத்தி எங்கே என்று கேட்டிருக்கிறார். "தாத்துகிட்ட" என்று சொல்லியிருக்கிறார் சஹாலா. வெற்றிலையும் எலுமிச்சையும் வைத்து, கோழி அறுத்துக் குறி பார்க்கிற மலை மந்திரவாதிதான் தாத்து. சபைக்கு ஆகவே ஆகாத ஆள். மருந்துக் கடைக்கு என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

மூப்பர்கள் விசாரித்தார்கள். சபை முன்னால் மன்னிப்புக் கேள், விட்டுவிடுகிறோம் என்றார்கள். "மறுபடி அவளுக்கு வந்தா மறுபடி போவேன். அப்புறம் எப்படி வருத்தப்படுறேன்னு சொல்ல?" என்றார் சஹாலா. சபையிலிருந்து விலக்கியவர்களை எழுதுகிற ஒழுங்குப் புத்தகத்தில் அவர் பெயரை எழுதினார்கள். ஏழு மூப்பர்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவது கையெழுத்து தியோலினாவுடையது. ருமியா மாத்திரையால் தேறினாளோ, எலுமிச்சையால் தேறினாளோ, மே மாதம் எழுந்து நடந்தாள். ஆகஸ்டில் சஹாலா வெங்காய வயலில் குனிந்தவர் நிமிரவில்லை.

புத்தகத்தில் பெயர் ஏறியவருக்கு அங்கி போட்ட போதகர் வரமாட்டார், மணியும் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் மணி அடித்தவரைச் சத்தமில்லாமல் புதைத்தார்கள். தியோலினா அன்று போகவில்லை. மூப்பர்கள் போகக்கூடாது என்பது விதி. விதிக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்தாள். அந்த வெட்கம் மூன்று மாதமாக அவள் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, எனக்கும் வருத்தம்தான்" என்றார் போதகர் எல்மான். "ஆனா அவரு ஒப்புரவாகாமலே போயிட்டாரு. செத்தவர எப்படித் திரும்பச் சேக்குறது? விதியில வழி இல்ல."

"அவரு ஆயத்தமா இல்ல" என்று மங்காத்தூர் முடித்துவைத்தார். "அதத்தானே ஞாயித்துக்கிழம சொல்லப் போறோம்."

தியோலினாவுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"யாரு ஆயத்தமா இல்ல? அந்த ஆளு சந்த நாள்ல, எல்லாரும் பாக்க, எங்க போறேன்னு சொல்லிட்டுப் போனாரு. அந்த நிமிஷம் முடிவு வந்திருந்தாலும் அவருக்கு மறைக்க ஒண்ணுமில்ல. மறைக்க இருக்குறவந்தான் ஆயத்தமில்லாதவன். என்னையே சொல்லுறேன். ஹொத்தாசிக்கு நாலு வயசுல வலிப்பு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? நானும் மலைக்குப் போனேன். விடியக்காலம், பனி மூட்டத்துல, தலையில முக்காடு போட்டுக்கிட்டு, பின்பக்கப் பாதையில."

ஒரு மூப்பர் 'ஐயோ' என்றார்.

"திரும்பி வரும்போது எதிர்ல ஒருத்தரு வந்தாரு. கக்கத்துல வெள்ளச் சேவல். கோயிலுக்குப் போடுற அதே செருப்பு. அவரு பனியப் பாத்தாரு, நான் புல்லப் பாத்தேன். அந்த ஆளு இந்த ரூமுலதான் காபி குடிச்சுக்கிட்டு இருக்காரு. யாருன்னு சொல்லமாட்டேன். அடுத்தவங்க பாவத்த ஒப்பிக்க நான் வரல."

மங்காத்தூருக்குப் புரையேறியது. பக்கத்திலிருந்தவர் முதுகில் தட்டினார். தட்டியவரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அதனால என் பேர எழுதுங்க" என்றாள் தியோலினா. "புத்தகத்த எடுங்க, போதகரய்யா. சஹாலா வெளியன்னா நானும் வெளிய. நான் உள்ளன்னா அவரும் உள்ள."

"அம்மா, அவசரப்படாதீங்க. பேரு ஏறிட்டா மூப்பர் அங்கி போயிரும். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா..." என்றார் போதகர்.

"மணி கிடையாது. தெரியும். நான் கையெழுத்துப் போட்ட விதிதானே."

புத்தகத்தை யாரும் எடுக்கவில்லை. அவளை எழுதினால் அடுத்து யாரை எழுதுவது என்ற கேள்வி அந்த அறையில் ஒவ்வொருவருக்கும் இருந்தது. கடைசியில் மேலிடத்துக்கு எழுதிக் கேட்பது என்று தீர்மானித்தார்கள். தீர்மானிக்கப் பயந்தவர்கள் எப்போதும் எடுக்கிற தீர்மானம் அது. பதில் வரும் வரை பட்டியலில் பதினொரு பெயர்தான். பதினொன்றோடு நிறுத்த தியோலினா மறுத்ததால் வாசிக்கப்போவது மங்காத்தூர்.

சனிக்கிழமை தியோலினா ருமியா வீட்டுக்குப் போனாள். சஹாலா செத்த பிறகு அந்தப் படியேறுவது இதுதான் முதல் தடவை. ருமியா உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நாளைக்குக் கோயிலுக்கு வா" என்றாள் தியோலினா.

"எதுக்கு? பெஞ்சத் தேய்க்கவா?"

"எந்திரிச்சு நிக்க."

ருமியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கையெழுத்துப் போட்ட கைதானே இது?"

"ஆமா. இதே கைதான். தப்புப் பண்ணிட்டேன், ருமியா. பெரிய தப்பு." சந்தையையே அலற வைக்கும் குரல் அப்போது கம்மிப்போயிருந்தது.

ஞாயிறு காலை மூப்பர்கள் கறுப்பு அங்கியில் வரிசையாக நுழைந்தபோது ஆறு பேர்தான் இருந்தார்கள். தியோலினா சந்தைக்கு உடுத்துகிற சாரோங் கைலியைக் கட்டிக்கொண்டு, ருமியாவோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சபைக்குக் கழுத்தைத் திருப்பித் திருப்பி வலியெடுத்துப் போனது.

பத்துப் பெண்களும் விளக்கோடு வந்தார்கள். ஒட்டுப்பலகைக் கதவை டமால் என்று சாத்தினார்கள், சாத்திய வேகத்தில் கீல் கழன்று தொங்கியது. சிலர் சிரித்தார்கள். மங்காத்தூர் முறைத்துவிட்டுப் பட்டியலை விரித்தார்.

பதினொரு பெயர், பதினொரு மணி. வாசலை ஒட்டிய கோபுரத்தடியில் நின்று அடித்தவர் புது மணியடிக்காரர், மங்காத்தூரின் மச்சான். இரண்டு மாதம் ஊரைப் படுத்தியெடுத்துப் பழகியவர். இன்றைக்கு ஒற்றையாகத்தான் விழுந்தது. ஒவ்வொரு குடும்பமாக எழுந்து நின்று கண்ணைத் துடைத்து உட்கார்ந்தது. மங்காத்தூர் காகிதத்தை மடிக்கத் தொடங்கினார்.

"சஹாலா!"

மைக் இல்லாத குரல். ஏரியின் மறுகரையிலும் கேட்டிருக்கும். தியோலினா எழுந்து நடுப்பாதையில் நின்றிருந்தாள். "இருபத்திரெண்டு வருஷம் நம்ம எல்லாரோட அப்பன் ஆத்தாவுக்கும் மணி அடிச்சவரு. மணியில்லாமப் பொதச்சோம். கையெழுத்துப் போட்டவங்கள்ல நானும் ஒருத்தி. இப்ப அவரு பேர வாசிக்கிறேன். சஹாலா!"

மணி அடிக்கவில்லை. மச்சான் கயிற்றைப் பிடித்தபடி மங்காத்தூரைப் பார்த்தார். மங்காத்தூர் காகிதத்தைப் பார்த்தார். காகிதத்தில் எழுதியிருக்கவில்லை.

தியோலினா கோபுரத்தடிக்கு நடந்தாள். "விடுங்க" என்றாள். மச்சான் விட்டுவிட்டார். அவர் அப்பாவுக்கும் சஹாலாதான் மணி அடித்தார். அவள் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, மூட்டை இழுக்கிற மாதிரி இழுத்தாள்.

மணி அடித்தது. கடைசி பெஞ்சில் ருமியா எழுந்து நின்றாள். நேராக நின்றாள். சபை முழுவதும் திரும்பி அவளைப் பார்த்தது.

கயிற்றைத் தாவிப் பிடிக்க வேண்டும் என்று தியோலினாவுக்குத் தெரியாது. அது அவள் கையை மேலே இழுத்துக்கொண்டு போனது. மணி இன்னொரு முறை அடித்தது.

மங்காத்தூரால் பொறுக்க முடியவில்லை. முப்பது வருஷ எழுத்தர் புத்தி, வாய் தானாகத் திறந்துகொண்டது. "இத்தோ! ஒரு ஆளுக்கு ஒரு மணிதான்! அதுகூடவா தெரியாது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பெஞ்சுகளில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். போதகர் எல்மான் தலை குனிந்துகொண்டார், அவர் தோள் குலுங்கியது.

"தெரியும், இத்தோ" என்றாள் தியோலினா. கயிறு உள்ளங்கையைக் கிழித்திருந்தது. கையைச் சாரோங்கில் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு அவருக்கு. நீங்களே ஒத்துக்கிட்டீங்க. ரெண்டாவது எனக்கு. என் பேரு புத்தகத்துல ஏறப்போகுது, அப்புறம் எனக்கு யாரும் அடிக்கமாட்டீங்க. அதான் உசுரோட இருக்கும்போதே அடிச்சுக்கிட்டேன். நான் ஆயத்தம். நீங்க பாட்டுப் பாடுங்க."

ருமியா இன்னும் உட்காரவில்லை.