கைப்பிடி இல்லாத கதவு

போன சனிக்கிழமை ஒரு கதவு என் கணவரை நெற்றியில் அடித்தது.

தப்பு. கதவு சும்மாதான் நின்றிருந்தது. இவர்தான் போய் மோதினார். கம்மனஹள்ளிப் பக்கம் ஒரு மாடுலர் கிச்சன் ஷோரூம். பளபளவென்று வெள்ளையில் மேல் அலமாரி. கைப்பிடி கிடையாது, லேசாக அழுத்தினால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். டிசைனர் பெண் காவ்யா அதைத் திறந்து காட்டிவிட்டு, எனக்கு டிராயர்களைக் காட்ட நகர்ந்தாள். இவர் பின்னாலேயே வந்தார். நேரே போய்... டமார்!

புருவத்துக்கு மேலே ரத்தம். காவ்யா பதறிப்போய் டிஷ்யூ எடுத்து, அவருக்கு வலப்பக்கமாக நின்று நீட்டினாள். இவர் வாங்கவில்லை.

"சார்... சார், தகொள்ளி சார்" என்று கன்னடத்தில் வாங்கிக்கச் சொல்கிறாள்.

"எங்க இருக்கும்மா?" என்கிறார் இவர், எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு.

டிஷ்யூ அவர் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது!

சரி, முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

மர்பி டவுனில் எங்கள் வீட்டு அடுப்படி எட்டுக்குப் பத்து. சிங்க் பக்கத்துச் சுவர் ஊறிப்போய், கடப்பா கல் நடுவில் விரிசல் விட்டு, கீழ் அலமாரியில் கரையான் குடும்பத்தோடு குடியேறிவிட்டது. மாற்றித்தான் ஆகவேண்டும் என்று முடிவான நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. நான் கவலைப்படுகிற ஜாதி — இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு அதைச் சொல்லவேண்டியதே இல்லை. கவலைப்பட விஷயம் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கவலைப்படுவேன்.

"தண்ணில எத்தனை நாள் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாதுக்கா" என்று கடைக்காரர் சத்தியம் பண்ணிக் கொடுத்த ப்ளைவுட் துண்டை வாளித் தண்ணீரில் போட்டு பத்து நாள் வைத்தேன். காலையில் எழுந்ததும் ஜெபம். அடுத்தது வாளி.

"அது ப்ளைவுட்டா, ஊறப்போட்ட உளுந்தா? எப்ப ஆட்டப் போற?" என்றார் இவர்.

சிரிக்கட்டும். வெள்ளைக் கல் சாம்பிளில் மஞ்சள்தூளைக் குழைத்துத் தடவி ஒரு ராத்திரி வைத்தேன். லேமினேட் அட்டைமேல் சூடான குக்கரை வைத்துப் பார்த்தேன். எல்லாம் பாஸ். ஆனாலும் மனசு ஆறவில்லை. நாம் வாங்குகிற துண்டு மட்டும் போலியாக இருந்துவிட்டால்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் வீட்டில் நான் சமைக்கிறதில்லை.

இவர் ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தார். முதல் ஷிஃப்ட் போய்விட்டு மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் டீச்சர், ஸ்கூல், அப்புறம் டியூஷன், வீடு வந்து சேர ஏழாகும். கல்யாணமான மறு மாசமே அடுப்பு அவர் கைக்குப் போய்விட்டது. இப்போது ரெண்டு பேரும் ரிட்டயர்டு, அடுப்பு மட்டும் கை மாறவில்லை. நான் வெந்நீர் வைத்தால்கூட பக்கத்து வீட்டு மேரி எட்டிப் பார்த்து, "ஏன்க்கா, அண்ணன் ஊர்ல இல்லையா?" என்பாள்.

ஆனால் கிச்சன் செலக்‌ஷன் மட்டும் நான்! ஏன்? மெட்டீரியல், கலர், டிசைன் என்று வந்தால் அது பொம்பளை டிபார்ட்மென்ட் என்று எந்தப் புண்ணியவான் எழுதி வைத்தானோ. கடைக்காரர்களும் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள். நானும் தலையாட்டினேன். கதவு வெள்ளை, கல் வெள்ளை, சுவர் டைல்ஸ் வெள்ளை, எல்லாமே பளபளப்பு. காவ்யா அனுப்பிய 3டி படத்தைப் பார்த்துவிட்டு ரெண்டு நாள் அதையே போன் ஸ்க்ரீனில் வைத்திருந்தேன்.

இவருக்குப் பிடிக்கவில்லை.

"கல்லு கருப்புதான் வேணும் ஜெயா."

"இப்ப இருக்கறதே கருப்புதானே? அதையே திருப்பிப் போடறதுக்கா ஆறு கடை ஏறி இறங்கினோம்?"

"கதவுக்குக் கைப்பிடி வெச்சுடு. பெருசா, உருண்டையா."

"அது நம்ம கல்யாண பீரோ காலத்து மாடலுங்க!"

"மேல கதவே வேணாம். சும்மா தட்டு போதும்."

"தூசி?"

"தூசிய நான் துடைச்சுக்கறேன்."

பிடிவாதம் என்று நினைத்தேன். வயசாயிடுச்சு, புதுசாக எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அக்காவுக்குப் போன் போட்டு அப்படியே சொல்லவும் செய்தேன்.

அவருடைய டப்பாக்கள் விஷயமும் அப்படித்தான். மல்லித்தூள் பழைய சதுர பிஸ்கட் டின்னில், மிளகாய்த்தூள் மூடி உடைந்த பாட்டிலில், உப்பு ஜாடியில், சர்க்கரை ஒரு நெளிந்த பால் பவுடர் டின்னில்... பார்க்கவே கண்றாவி. புது கிச்சனுக்கு முன்னோட்டமாக, ஒரே அளவில் இருபத்துநாலு கண்ணாடி ஜாடி வாங்கி, எல்லாவற்றையும் மாற்றிக் கொட்டி, அழகாகச் சின்ன எழுத்தில் லேபிள் ஒட்டி அடுக்கினேன். பழைய டின்களை எல்லாம் பேப்பர்காரருக்குப் போட்டேன்.

அந்த வாரமே டீயில் உப்பு. அடுத்த வாரம் ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் குடும்பம் சாப்பிட வந்தது. மட்டன் குழம்பு இனித்தது! போதகர் பாவம், "வித்தியாசமா இருக்கு, நல்லா இருக்கு" என்று சொல்லி ரெண்டாவது கரண்டியும் வாங்கிக்கொண்டார். நான் எல்லார் முன்னாலும் சிரித்தேன். "எங்க சமையல் மாஸ்டருக்கு மண்டையில மறதி புகுந்துடுச்சு" என்றேன். அவரும் சிரித்தார்.

அதோடு விட்டேனா? போன மாதம் இதே பக்கத்தில் அதை எழுதினேன். 'இனித்த மட்டன்' என்று தலைப்பு வேறு. நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அவ்வளவு கடிதம் எனக்கு எந்தக் கட்டுரைக்கும் வந்ததில்லை. ஒவ்வொன்றாக அவருக்குப் படித்துக் காட்டினேன்.

இப்போது ஷோரூமுக்கு வாருங்கள். டிஷ்யூ அந்தரத்தில் நிற்கிறது. நான் மெல்ல அவருக்கு இடப்பக்கம் போய் நின்று கையை ஆட்டினேன். அவர் திரும்பவில்லை. இன்னும் கிட்டே போய் ஆட்டினேன். ம்ஹும். முப்பத்திரண்டு வருஷமாகப் பக்கத்திலேயே இருக்கிற மனுஷன்... நான் நிற்பதே அவருக்குத் தெரியவில்லை.

ஆட்டோவில் டிரைவர் இருக்கிறாரே என்று ரெண்டு பேருமே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தோம். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"டாக்டர்கிட்ட?"

"போய்ட்டுதான் இருக்கேன். பேங்குக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போவேனே... கண்ணுக்குள்ள பிரஷராம். கிளாகோமான்னு சொல்றாங்க. நேரா தெரியுது. சைடு போயிடுச்சு. வெள்ளை மேல வெள்ளை இருந்தா சட்டுனு பிரிஞ்சு தெரியல."

"மருந்து?"

"ஃப்ரிட்ஜ்ல. முட்டைக்குப் பின்னால."

போய்ப் பார்த்தேன். குட்டியாக ரெண்டு சொட்டு மருந்து பாட்டில். ஒளித்துக்கூட வைக்கவில்லை! முட்டையை நகர்த்தினால் தெரியும். ஒரு வருஷத்தில் ஒரு முட்டையைக்கூட நான் எடுத்ததில்லை. அங்கேயே ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா அடுப்புகிட்ட விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரியும்.

"எங்கப்பா கே.ஜி.எஃப்.ல முப்பது வருஷம் தங்கச் சுரங்கத்துக்குள்ள இருட்டுல வேலை பார்த்தாரு" என்றார். "எனக்கு எட்டுக்குப் பத்து ரூம். அதுலயும் லைட்டு எரியுது. அழாத, போ."

அன்று சாயங்காலம் காவ்யா கொடுத்த கேட்டலாக்கைச் சுருட்டிக் குழல் மாதிரி ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு, இன்னொரு கண்ணை மூடி, என் 3டி படத்தைப் பார்த்தேன். வெள்ளைக் கல் எங்கே முடிகிறது? கதவு எங்கே ஆரம்பிக்கிறது? எழவு, ஒன்றும் புரியவில்லை. அப்படியே அடுப்படிக்குள் நாலடி நடந்தேன். முட்டி அலமாரி விளிம்பில் இடித்தது. ப்ளைவுட்டைப் பத்து நாள் தண்ணீரில் போட்டுப் பார்த்தவள், அந்த மனுஷனை ஒரு நாள் உற்றுப் பார்க்கவில்லை. நமக்கெல்லாம் சாம்பிள் துண்டு கொடுத்தால்தான் கவலைப்படத் தெரியும் போலிருக்கிறது.

அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் பயந்ததையே செய்தேன்.

"இனிமே நான் சமைக்கறேன். நீங்க உட்காருங்க" என்று ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்குள் புகுந்தேன். அவர் ஹாலில் டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். டிவி போடவில்லை. நான் செய்த சாம்பாரில் பருப்பு வேகவில்லை, புளி தூக்கல். ஒரு வாய் சாப்பிட்டார்.

"நல்லா இருக்கு ஜெயா."

இந்த மனுஷன் சாப்பாட்டு விஷயத்தில் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. உப்பு ஒரு கல் குறைந்தால் கல்யாண வீட்டிலேயே சமையல்காரரைக் கூப்பிட்டுச் சொல்கிற ஆள். திங்கட்கிழமையும் நல்லா இருக்கு. செவ்வாய்க்கிழமையும் நல்லா இருக்கு. ஷேவ் பண்ணவில்லை. மார்க்கெட்டுக்குப் போகவில்லை. மேரி எட்டிப் பார்த்து அண்ணன் ஊரில் இல்லையா என்று கேட்டபோது, ஹாலில் இருந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை.

கண் போனால்கூட இவர் இருப்பார், அடுப்பு போனால் இருக்க மாட்டார் என்று எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயம் முதல் பயத்தைவிடப் பெரிது.

புதன்கிழமை அவரோடு கண் டாக்டரிடம் போனேன். போன பார்வை திரும்பாது, மருந்தை ஒழுங்காகப் போட்டால் இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். அடுப்புக்கிட்ட விடலாமா டாக்டர் என்று கேட்டேன். பார்த்து செய்தால் செய்யலாம், அடுப்படியை அவருக்கு ஏத்த மாதிரி மாத்துங்க என்றார். அங்கிருந்து நேரே ஷோரூம்.

"காவ்யா, பழைய டிசைனைத் தூக்கிப் போடும்மா. சார் சொல்றதை எழுதிக்கோ" என்றேன்.

சார் சொன்னார். ஃபிட்டர் இல்லையா, அளவு அளவாகச் சொன்னார். கல் கருப்பு, விளிம்பில் மட்டும் வெள்ளைப் பட்டி. டிராயர் முகப்பெல்லாம் பளபளக்காத மேட் ஃபினிஷ், கண் கூசக்கூடாது. மேலே கதவில்லாத தட்டு. கீழே கதவே வேண்டாம், எல்லாம் டிராயர். மசாலா டிராயருக்கு உருண்டைக் கைப்பிடி, பாத்திர டிராயருக்கு நீளக் கைப்பிடி — தொட்டாலே தெரியவேண்டும்.

"ஸ்டவ் சார்? இண்டக்‌ஷன் சேஃப் அல்வா?" என்றாள் காவ்யா, அதுதானே பத்திரம் என்கிற மாதிரி.

நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். தீ இல்லை, சட்டை பற்றாது, நிம்மதி. இவர் ஷோரூம் இண்டக்‌ஷன் அடுப்பின் மேல் விரலை ஓட்டினார்.

"வழவழன்னு இருக்கு. எங்க பட்டன், எங்க இல்லன்னு விரலுக்கு ஒண்ணுமே தட்டல. கேஸ்ல திருகினா எவ்ளோ திரும்பிச்சுன்னு கைக்குத் தெரியும். தீயும் சத்தம் போடும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். முழுசாகத் திரும்பி, என் முகத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். கடைசி வார்த்தை என்னுடையதாம்.

"கேஸே போட்டுடு" என்றேன்.

இனித்த மட்டனுக்குச் சிரித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கடிதங்களை வாபஸ் வாங்க வேண்டாம், தப்பு உங்களுடையது இல்லை. இந்த வாரக் கட்டுரையை அவருக்கு முதலில் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். "கல்லு விளிம்புல வெள்ளைப் பட்டி ஒரு இஞ்ச்னு எழுது, அதை விட்டுட்ட" என்றார்.

எழுதிவிட்டேன்.

வேலை அடுத்த வாரம் ஆரம்பிக்கிறது. அந்த அடுப்படியில் நான் செலக்ட் பண்ணியது ஒன்றே ஒன்று — மூலையில் போட ஒரு ஸ்டூல். எதுக்கு என்று காவ்யா கேட்டாள். உட்கார்ந்து பயப்படறதுக்கு என்றேன்.

"பயப்படட்டும்மா, வாய மட்டும் திறக்கக்கூடாது" என்றார் மாஸ்டர்.