ஒரு டைல்ஸைத் தூக்கிப் பாருங்கள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் தினமும் ஒருவனை வெறுத்துக்கொண்டே போகிறேன். ஒன்றரை மணி நேரம். புதுச்சத்திரம் வரை ஹீப்ரு, அதற்குப் பிறகு ரஷ்யன். வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் காதிலிருந்து ஒயரைக் கழற்றி நோட்டை மூடிவிடுவேன். இறங்கி வேலைக்குப் போகவேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். தொழில், டைல்ஸ் போடுவது. ஆள் பேசுகிற ரகமில்லை. கடையில் கூட்டம் இருந்தால் எல்லோரும் வாங்கிக்கொண்டு போகும்வரை ஓரமாக நிற்பேன். இந்த வயதில் இரண்டு மொழியை எப்படி விடாமல் படிக்கிறாய் என்று சிலர் கேட்கிறார்கள். மூளை வேண்டும், பொறுமை வேண்டும் என்று நினைக்கிறார்கள். அதெல்லாம் எனக்குக் கிடையாது. கோபம் ஆறாமல் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

இஸ்ரேலுக்குக் கட்டட வேலைக்கு ஆள் எடுத்தபோது நானும் போனேன். படிப்பு கேட்கவில்லை. ஒரு சுவரும் ஒரு தரையும் காட்டி டைல்ஸ் போடச் சொன்னார்கள். போட்டேன், எடுத்துக்கொண்டார்கள். அங்கே போய்க் காதால் கேட்டே ஹீப்ரு பழகினேன். கொண்டு வா, சீக்கிரம், நேராக வை, இது சரியில்லை, நாளைக்கு. எனக்குத் தெரிந்த ஹீப்ரு முழுவதும் இந்த மாதிரிதான். எனக்குச் சொல்லப்பட்டவை மட்டும். நான் அவர்களுக்குச் சொல்ல ஒரு வார்த்தைகூட என்னிடம் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் போர்மேன் ரஷ்ய மொழிக்காரன். அவனுக்கு மேல் ஒரு மேனேஜர். அவரும் சின்ன வயதில் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர், ஆனால் எங்களிடம் ஹீப்ருவில்தான் பேசுவார். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது ரஷ்யனில்.

கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடியில் மூன்றாவது மாடித் தரை என் வேலை. நான்காவது மாடி போர்மேனுடைய தங்கை புருஷன் வேலை. ஒருநாள் மேனேஜர் வந்து நான்காவது மாடித் தரையை ஒரு கம்பியால் தட்டிக்கொண்டே போனார். டைல்ஸுக்கு அடியில் காலியாக இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். எங்கே தட்டினாலும் டொக்கு டொக்கு என்றது. என்னை மேலே கூப்பிட்டார்கள். போர்மேன் விரலை என் பக்கம் நீட்டி ரஷ்யனில் ஏதோ சொன்னான். மேனேஜர் திரும்பி ஹீப்ருவில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

இங்கே இன்ஜினியர் எது கேட்டாலும் முதலில் தலையாட்டிவிடுவோம். அவர் வண்டி கிளம்பின பிறகு, இன்னா கேட்டாரு என்று பக்கத்து ஆளிடம் விசாரிப்போம். இருபது வருஷப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் ஆட்டினேன். அவர் கேட்டது, இது உன் வேலையா என்று; பிறகு விசாரித்துத்தான் தெரிந்தது. அந்த வாரமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரே வாக்கியத்தில் தப்பித்திருக்கலாம். நான் பசையைத் தரை முழுக்கப் பரப்பி, பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் இழுத்துவிட்டுத்தான் டைல்ஸ் பதிப்பேன். தூக்கிப் பார்த்தால் உழுத கொல்லை மாதிரி வரிவரியாக இருக்கும். போர்மேனுடைய மச்சான் நான்கு மூலைக்கு நான்கு உருண்டை, நடுவில் ஒன்று என்று ஐந்து உருண்டை வைத்து அழுத்திவிட்டுப் போகிறவன். ஒரு டைல்ஸைத் தூக்கிப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால் போதும், யார் கை என்று தெரிந்திருக்கும். அந்த வாக்கியம் என்னிடம் இல்லை.

ஊருக்கு வந்தேன். வேலை தெரியாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று எனக்கு முன்பே செய்தி வந்திருந்தது. மஞ்சக்குப்பத்தில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், ஆள் இருக்குது, அப்புறம் சொல்றேன் என்றார்கள். சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்டும் இடத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஐந்து மேஸ்திரிகள் தரை போடுகிறோம். சைட் இன்ஜினியர் சாயங்காலம் கையில் கழியோடு வருவார். என் தரையை மட்டும் தட்டுவார். ஒருமுறைகூட டொக்கு என்று கேட்டதில்லை. மறுநாளும் தட்டுவார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு சாயங்காலம் திரும்பும்போது பேருந்தில் முடிவு செய்தேன். போர்மேனுக்கு அவன் மொழியிலேயே சொல்லவேண்டும். மேனேஜர் ஹீப்ருவில் கேட்டார், ஹீப்ருவிலேயே பதில் போகவேண்டும்.

போனில் பாடங்கள் இருந்தன. எல்லாம் இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு. நான் தமிழில் பேசினால் ரஷ்யனிலும் ஹீப்ருவிலும், அவற்றில் ஒரு வார்த்தை சொன்னால் தமிழிலும் திருப்பிச் சொல்கிற ஆப் ஒன்று கிடைத்தது. கேட்டதைத் தமிழ் எழுத்திலேயே நோட்டில் எழுதினேன். அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் மேலே ஒரு புள்ளி, தொண்டையிலிருந்து வரவேண்டியதற்கு அடியில் ஒரு கோடு. ரஷ்யனில் நான் முதலில் கற்றது வணக்கமும் நன்றியும் அல்ல. தரை, பசை, உருண்டை, பொய்.

ஆனால் எனக்கு நல்ல வாத்தியார் வேறு ஒருவன். எங்கள் சைட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. ஊருக்கு அனுப்பியவர்கள் என்னைக் குரூப்பிலிருந்து நீக்கவில்லை. மறந்துவிட்டார்கள். நான் அங்கே இருந்தபோதும் இப்படித்தான் இருந்தேன், யார் கண்ணிலும் படாமல். போர்மேன் காலையில் ஐந்தாறு வாய்ஸ் மெசேஜ் போடுவான். கம்பி வரவில்லை, சிமெண்ட் நனைந்துவிட்டது, யார் கதவைத் திறந்து வைத்தது. ஒவ்வொன்றையும் இருபது முப்பது தடவை கேட்பேன். எனக்கு ரஷ்யன் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். அவனுக்குத்தான் அது தெரியாது.

சலிப்பு வராமல் இல்லை. இரண்டு வாரம் நோட்டைத் தொடாமல் இருந்த காலம் உண்டு. அப்போதெல்லாம் குரூப்பில் மேலே மேலே தள்ளிக்கொண்டு போய், அந்த நாளின் மெசேஜைப் போடுவேன். நான்காவது மாடித் தரையின் போட்டோவும் கீழே இருபது விநாடி அவன் குரலும். ஆப்பிடம் போட்டால் அவன் வேகத்துக்கு அது உளறியது, எனக்கும் முதலில் வெறும் இரைச்சல். பிறகு 'இந்தூஸ்' என்பது மட்டும் கேட்டது. இந்தியாக்காரன். பிறகு தரை என்ற வார்த்தை. முழுசாகப் புரியவில்லை, ஆனால் ஒருதடவை கேட்டால் மூன்று வாரத்துக்குப் படிப்பு ஓடும்.

"பொண்டாட்டி கொரலவிட அந்தாளு கொரலத்தான் ஜாஸ்தி கேக்குறீங்க" என்பாள் வீட்டில்.

அவள் தம்பி பண்ருட்டியில் லாரி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஆர்ப்பாட்டம்.

"அக்கா, மாமாவுக்கு மந்திரம் கிந்திரம் போட்டுட்டாங்களா? இன்னா இது, ஷ்ச், ஷ்ச்சுன்னு எழுதி வச்சிருக்காரு?"

"நீ வை மச்சான் அத."

"வைக்கிறேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க மாமா. இங்க தமிழ்லயே உங்களுக்குப் பேச வராது. போன வாரம் மீன்காரம்மா பழைய மீனக் குடுத்தப்போ வாயத் தொறந்தீங்களா? நீங்க ரஷ்யாக்காரனக் கேள்வி கேக்கப் போறீங்களா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவன் சொன்னது உண்மை என்பதால் கூடுதலாக.

அவனுக்காகவே ஒருநாள் துணிந்தேன். சாப்பாட்டு நேரத்தில் கீழ சன்னதியில் டீ குடிக்கப் போனபோது, கோயிலுக்கு வந்த வெள்ளைக்காரத் தம்பதி செருப்பைக் கழற்றி விட்டுக்கொண்டே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரஷ்யன். யார் தண்ணீர் பாட்டிலை ஆட்டோவில் விட்டது என்று சண்டை. எனக்குப் புரிந்தது! பத்து நிமிஷம் அவர்கள் பின்னாலேயே போனேன். அந்த அம்மா திரும்பி முறைத்தார். என்னிடம் தயாராக இருந்தது ஒரே பேச்சுதான், அதைச் சொன்னேன்.

"இது என் வேலை அல்ல. ஒரு டைல்ஸைத் தூக்கிப் பாருங்கள்."

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். கருங்கல் தரை. கணவரைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார், "எதற்குத் தூக்கவேண்டும்?"

கேள்வி புரிந்தது. பதிலும் தெரியும். "அடியில் பொய் இருக்கிறது" என்றேன். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "உங்களை யார் ஏமாற்றியது?" என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. கும்பிட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன். டீயும் குடிக்கவில்லை. ஆனால் சாயங்காலம் இன்ஜினியர் என் தரையைத் தட்டியபோது முதல் தடவையாகத் தலையாட்டாமல் நின்றேன்.

அடுத்த மாதம், புதுச்சத்திரம் தாண்டிய ஒரு காலையில், அந்த இருபது விநாடி முழுவதும் திறந்துகொண்டது. ஒரு வார்த்தைதான் பாக்கி இருந்தது. ஆப்பில் சொல்லிப் பார்த்தேன், தலையாட்டுவது என்று வந்தது. மேனேஜருக்கு அவன் சொன்னது இதுதான்: "தரை இந்தியாக்காரன் போட்டது. அவனையே கேளுங்கள். கவலை வேண்டாம், சண்டை போடமாட்டான், அவன் எதற்கும் தலையாட்டுவான்."

என் பழக்கத்தை அவன் கவனித்து வைத்திருந்தான். அதை எடுத்து என்னையே அடித்தான். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர், என்னங்க உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நான் நன்றாகத்தான் இருந்தேன். அந்த அளவு தெம்பாக அதற்கு முன் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வேலை நாள். காலையில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஓரமாக ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். நடக்க வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். பதினோரு தடவை பதிவு செய்து அழித்தேன். பன்னிரண்டாவதைக் குரூப்பில் போட்டேன். முதல் பாதி ரஷ்யன், போர்மேனுக்கு. பின் பாதி ஹீப்ரு, மேனேஜருக்கு.

"நான் அந்த இந்தியாக்காரன். மூன்றாவது மாடி என் கை. நான்காவது மாடி உன் தங்கை புருஷன் கை. மூன்றாவதில் ஒரு டைல்ஸைத் தூக்குங்கள், வரி இருக்கும். நான்காவதில் தூக்குங்கள், ஐந்து உருண்டை இருக்கும். அன்றைக்கு நீங்கள் கேட்டது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. பதில், இல்லை."

யார் யார் கேட்டார்கள் என்பதைப் போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று பேர். ஒன்பது பேர். மேனேஜர். கடைசியாகப் போர்மேன். அவன் கேட்டு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டான்.

ஒன்றரை வருஷமாக நான் குரூப்பில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரிந்துவிட்டது. ஒருவேளை பயமாகவும் இருந்திருக்கும், இருக்கட்டும். மரத்தடியில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

எழுந்து நடக்கும்போது தனியாக ஒரு மெசேஜ் வந்தது. மேனேஜர் குரல், ஹீப்ருவில் ஒரே கேள்வி. நான்காவது மாடியில் எந்த வீடு?

கடைக்குப் போய் ஒரு டீ வாங்கி ஆற்றி ஆற்றிக் குடித்தேன். அதுவரை அவர் காத்திருக்கட்டும் என்று. பிறகு சொன்னேன். படி ஏறியதும் இடப்பக்கம் முதல் வீடு. வாசலிலிருந்து மூன்றாவது டைல்ஸ். எங்கே வேண்டுமானாலும் தூக்கலாம், ஆனால் போர்மேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூக்குங்கள்.

வீட்டில் மச்சான் வந்திருந்தான். குரூப்பில் போட்டதையும் மேனேஜருக்குச் சொன்னதையும் போட்டுக் காட்டினேன். ஒரு வார்த்தை புரியாமல் கடைசிவரை வாயைப் பிளந்து கேட்டான்.

"மாமா, உங்க கொரலா இது?"

"ஆமா."

"அப்போ சொல்லியாச்சு. இனிமே அந்த நோட்டத் தூக்கிப் பழைய பேப்பர்ல போட்டுடலாமா?"

"அதுக்குள்ளவா? அந்தப் போர்மேன் தனி நம்பரு இன்னும் என்கிட்டத்தான இருக்குது மச்சான்" என்றேன். "திட்டுற வார்த்த ஒண்ணுகூட நான் இன்னும் கத்துக்கல."